காளையின் விந்தணுவும் ஹார்மோன்களும் – ஒரு சின்ன வரலாறு

மாடு வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "மூணு ஊசி போட்டாச்சு, இன்னும் சினை நிக்கல." ஊசி என்றால் சினை ஊசி, அதாவது செயற்கை முறைக் கருவூட்டல். சினை நிற்காவிட்டால் பழி யார் தலையிலாவது விழ வேண்டும். ஊசி போட்டவர் சரியில்லை என்பார்கள், விந்துக் குச்சி சரியில்லை என்பார்கள், கடைசியில் மாடே சரியில்லை என்பார்கள். பசுவின் பருவச் சுழற்சி சுமார் 21 நாள். ஒரு முறை தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். நாலைந்து முறை தவறினால் மாடு சந்தைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழியில் யாரும் சொல்லாத பெயர் ஒன்று இருக்கிறது: ஹார்மோன். ஒரு விந்தணு உருவாவதும், நீந்துவதும், காத்திருப்பதும், கடைசியில் முட்டையைத் துளைப்பதும் ஹார்மோன்களின் பிடியில்தான் நடக்கின்றன. அதில் பாதி காளையின் உடம்பில், மீதி பாதி பசுவின் உடம்பில். இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

தறிக்கல்லும் காயடித்த காளையும்

காளையைக் காயடித்தால் சாது எருதாகிவிடும் என்பது உழவனுக்கு மிகப் பழங்காலத்திலேயே தெரியும். ஆனால் ஏன் அப்படி ஆகிறது?

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு விடை சொன்னார். விரைகள் விந்தை உண்டாக்குவதில்லை, தறியில் பாவு நூல் தொய்யாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடும் கல் மாதிரி, விந்துக் குழாய்களை இழுத்துப் பிடிக்கும் வெறும் எடைதான் அவை என்றார். அதற்கு ஆதாரமாக அவர் சொன்னதும் ஒரு மாட்டுக் கதைதான். காயடித்த கையோடு ஒரு காளை பசுவின் மேல் ஏறியது, அந்தப் பசு சினையும் ஆனது என்று எழுதி வைத்தார்.

சிரிக்காதீர்கள். அவர் சொன்ன சம்பவம் நடக்கக்கூடியதுதான், விளக்கம்தான் தப்பு. விரையை விட்டு ஏற்கெனவே கிளம்பிப்போன விந்தணுக்கள் குழாயில் தங்கியிருக்கும். தொழிற்சாலையை மூடிய பிறகும் கிடங்கில் சரக்கு இருப்பது போல.

விந்தணு என்ற ஒன்று இருப்பதே 1677 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருடம் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரி லீவன்ஹூக் தன் கையால் செய்த நுண்ணோக்கியில் வால் முளைத்த அந்த உயிர்களைப் பார்த்தார். அவை தாமாக நெளிந்து ஓடுவதைக் கண்டதும் "இது சுதந்திரமான உயிர்" என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. இன்றும் நாம் விந்தணுவை ஓட்டப் பந்தய வீரன் மாதிரிதான் கற்பனை செய்கிறோம், இல்லையா? அந்தக் கற்பனை எவ்வளவு தப்பு என்பதுதான் மீதிக் கதை.

100 கிலோவில் 10 மில்லிகிராம்

1849ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் இளம் சேவல்களின் விரைகளை வெட்டி எடுத்தார். சிலவற்றுக்கு விரையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்துத் தைத்தார். நரம்பு இணைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சேவல்களுக்குக் கொண்டை சிவந்து வளர்ந்தது, கூவின, சண்டை போட்டன. விரை எதையோ ரத்தத்தில் கலக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த "எதையோ" என்பதற்கு ஹார்மோன் என்ற பெயர் வந்தது 1905ல்தான்.

சரி, அந்தப் பொருளைக் கையில் பிடிப்பது எப்படி? இங்கேதான் மாடு வரலாற்றுக்குள் நுழைகிறது. 1920களில் சிகாகோ உலகத்தின் பெரிய மாட்டிறைச்சிச் சந்தைகளில் ஒன்று. அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த ஃப்ரெட் கோச், அவருடைய மாணவர் மெக்கீ இருவரும் 1927ல் சுமார் 18 கிலோ காளை விரைகளிலிருந்து வெறும் 20 மில்லிகிராம் சாறு எடுத்தார்கள். அதைக் காயடித்த சேவலுக்குச் செலுத்தினார்கள். கொண்டை வளர்ந்தது!

அடுத்து 1935ல் ஆம்ஸ்டர்டாமில் லாகர் தலைமையிலான குழு, சுமார் 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் தூய படிகத்தைப் பிரித்தது. டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் பியூட்டெனாண்ட்டும் ருசிக்காவும் தனித்தனியாக அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். 1939ல் வேதியியல் நோபல் பரிசு அந்த இருவருக்கும் போனது. (பியூட்டெனாண்ட்டை பரிசு வாங்க விடாமல் நாஜி அரசு தடுத்தது தனிக் கதை.)

ஆண்மையின் அடையாளம் என்று உலகமே பேசும் அந்த ஹார்மோன் முதலில் தூய வடிவில் கிடைத்தது மனிதனிடமிருந்து அல்ல, காளையிடமிருந்து. இது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

மேலிடத்து உத்தரவு

டெஸ்டோஸ்டிரோன் கிடைத்ததும் "இதுதான் ராஜா" என்று நினைத்தார்கள். ஆனால் ராஜாவுக்கும் மேலே ஒரு மேலிடம் இருப்பது அதற்குள் தெரிய ஆரம்பித்திருந்தது. 1920களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித் எலிகளின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அகற்றிப் பார்த்தார். விரைகள் சுருங்கிப் போயின. 1931ல் அந்தச் சுரப்பியின் சாற்றில் இரண்டு வேறு ஹார்மோன்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றைத்தான் இன்று எல்.ஹெச். என்றும் எஃப்.எஸ்.ஹெச். என்றும் சொல்கிறோம்.

இந்தப் பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அது அனுப்பும் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற உத்தரவின் வேதி அமைப்பு 1971ல் தெரிந்தது. பன்றி மூளைகளையும் ஆட்டு மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்துத்தான் ஷாலியும் கியோமானும் போட்டி போட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். 1977ல் இருவருக்கும் நோபல்.

காளையின் உடம்பில் வேலை நடக்கும் விதம் சுருக்கமாக இதுதான். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி எல்.ஹெச். அனுப்புகிறது. அது விரையில் உள்ள லெய்டிக் செல்களைத் தட்டி டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. எஃப்.எஸ்.ஹெச். போய்ச் சேருவது செர்டோலி செல்களிடம். விந்தணுவாகப் போகும் செல்களுக்குப் பாலூட்டி வளர்க்கும் தாதி என்று இவற்றைச் சொல்லலாம். டெஸ்டோஸ்டிரோனும் வளரும் விந்தணுவிடம் நேராகப் பேசுவதில்லை, இந்தத் தாதியிடம்தான் பேசுகிறது. அந்த உத்தரவை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இருப்பது செர்டோலி செல்லில்தான்.

உத்தரவு மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை. 1932ல் மெக்கல்லா என்பவர் காளை விரையின் நீரில் கரையும் சாற்றில், பிட்யூட்டரியை அடக்கி வைக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டு அதற்கு இன்ஹிபின் என்று பெயரிட்டார். நம்பாதவர்கள் நிறையப் பேர். அரை நூற்றாண்டு கழித்து 1985ல்தான் அது தூய வடிவில் பிரிக்கப்பட்டது. அப்போதும் கைகொடுத்தது மாடுதான், ஆனால் இந்த முறை பசுவின் சினைப்பையிலிருந்து எடுத்த திரவம்.

ஊசி போட்டால் பெருகுமா?

இப்போது ஒரு கேள்வி. காளைக்கு விந்து குறைவாக இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் கூடுமா?

கூடும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மை நேர் எதிர். வெளியிலிருந்து ஊசி போட்டால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். "சரக்கு போதும் போல" என்று மேலிடம் நினைத்து எல்.ஹெச். அனுப்புவதைக் குறைத்துவிடும். லெய்டிக் செல்கள் வேலையை நிறுத்தும். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு விளையும். அந்தச் செறிவை வெளியிலிருந்து போடும் ஊசி கொடுக்காது. கடைசியில் ரத்தத்தில் ஹார்மோன் நிறைய, விந்தணு குறைவு. ஜிம்மில் ஸ்டீராய்டு போட்டுக்கொள்ளும் நம் அண்ணன்களுக்கு நடப்பதும் இதேதான் :-)

இன்னொரு விஷயம் நேரம். ஒரு காளையின் விரையில் ஒரு விந்தணு உருவாக 61 நாள் ஆகிறது. அதன் பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் ஒரு வாரத்துக்கு மேல் ஊர்ந்து முதிர்ச்சி அடைய வேண்டும். அங்கேதான் அதற்கு நீந்தும் திறமையே வருகிறது. ஆக, இன்று சேகரிக்கும் விந்து இரண்டு மாதத்துக்கு முன் போட்ட விதை.

மன அழுத்தமும் இதில் சேரும். 1970களில் இளம் காளைகளுக்கு டெக்சாமெத்தசோன் (உடம்பின் அழுத்த ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்து) கொடுத்துப் பார்த்தார்கள். எல்.ஹெச்., டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் இறங்கின. 1994ல் கனடாவில் இதே மருந்தைக் கொடுத்தபோது, அடுத்து வந்த வாரங்களில் தலை கோணிய, வால் மடங்கிய விந்தணுக்கள் வரிசை வரிசையாக வந்தன. லாரியில் நெரித்து ஏற்றிக்கொண்டு வந்த காளை, காய்ச்சலில் கிடந்த காளை இவற்றின் நஷ்டம் அன்றே தெரியாது. வாரக் கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதற்குள் காரணத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

கன்றுப் பருவத்திலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது என்பது இன்னும் ஆச்சரியம். காளைக் கன்றுக்குச் சுமார் 2 மாதத்திலிருந்து 6 மாதம் வரை எல்.ஹெச். அலை ஒன்று ஏறி இறங்குகிறது. அந்தப் பருவத்தில் நல்ல தீவனம் கிடைத்த கன்றுகளுக்கு அந்த அலை பலமாக இருந்தது, பிற்பாடு விரைகளும் பெரிதாக வளர்ந்தன. கன்றாக இருக்கும்போது பட்டினி போட்டுவிட்டுப் பெரிய காளையானதும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கொட்டுவதில் பெரிய பயனில்லை. பால் எல்லாவற்றையும் கறந்து விற்றுவிட்டுக் காளைக் கன்றுக்கு மிச்சம் கொடுக்கும் வழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

இரண்டரை நிமிடக் கதை

இனி பசுவின் பக்கம் போவோம். 1951ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வான்டிமார்க், மோல்லர் இருவரும் விந்து பசுவின் உடம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். இரண்டரை நிமிடத்தில் கருக்குழாயில் விந்தணு இருந்தது! விந்தணுவின் நீச்சல் வேகத்தைக் கணக்குப் போட்டால் இது முடியவே முடியாது. அப்படியானால் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

தூக்கியது பசுவின் கருப்பை. அதன் தசைகளைச் சுருங்க வைப்பது ஆக்சிடோசின், அதாவது மடியில் பால் இறங்கச் செய்யும் அதே ஹார்மோன். 1953ல் ஹேஸும் வான்டிமார்க்கும் பசுவின் இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும்போது இந்த ஹார்மோன் போன்ற பொருள் சுரப்பதைக் காட்டினார்கள். அட்ரினலின் இதற்கு எதிரி. அடித்து விரட்டிக் கட்டிப்போட்ட மாட்டுக்குச் சினை ஊசி போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1970களின் கடைசியில் முயலில் நடந்த ஆய்வுகள் ஒரு குண்டைப் போட்டன. அப்படி மின்னல் வேகத்தில் போய்ச் சேரும் விந்தணுக்கள் பெரும்பாலும் செத்தவை, அடிபட்டவை. 1980களில் ஹன்டரும் வில்மட்டும் (பிறகு 1996ல் டாலி ஆட்டைப் பிறக்கவைத்த அதே வில்மட்தான்) பசுவில் பரிசோதித்தார்கள். கருத்தரிக்கப் போதுமான அளவு உயிருள்ள விந்தணுக்கள் கருக்குழாய்க்குப் போய்ச்சேர 6 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது. முதலில் ஓடி வந்தவன் ஜெயிக்கவில்லை, மெதுவாக வந்தவன்தான் ஜெயித்தான்.

பயிற்சிக் காலமும் காத்திருப்பும்

அதே 1951ல் இன்னொரு பெரிய விஷயமும் நடந்தது. அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின், இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒன்றையே கண்டுபிடித்தார்கள். புதிதாக எடுத்த விந்தணுவை நேராக முட்டையின் பக்கத்தில் வைத்தால் அதற்குள் நுழைய முடியாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகே அதற்கு அந்தத் தகுதி வருகிறது. இதற்குக் கெப்பாசிட்டேஷன் என்று பெயர். தமிழில் "திறனேற்றம்" என்று வைத்துக்கொள்வோம்.

மாட்டில் இதன் சாவி பிடிபடத் தாமதமானது. உடம்புக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் கன்று 1981ல் அமெரிக்காவில் பிறந்தது. (மனிதக் குழந்தை 1978லேயே பிறந்துவிட்டது.) 1988ல் பாரிஷும் அவருடைய குழுவினரும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினைச் சேர்த்தால் காளை விந்தணு பக்குவப்படுகிறது என்று காட்டினார்கள். ஹெப்பாரின் போன்ற பொருள்கள் பசுவின் கருக்குழாய்த் திரவத்திலேயே இருக்கின்றன. மாடுகளில் சோதனைக்குழாய்க் கருக்கள் பெருவாரியாக உருவாக்கப்படுவதற்கு வழி திறந்தது இதற்குப் பிறகுதான்.

கருக்குழாய்க்கு வந்து சேர்ந்த சில ஆயிரம் விந்தணுக்கள் உடனே முட்டையைத் தேடி ஓடுவதும் இல்லை. குழாயின் கீழ்ப்பகுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. 1997ல் இந்த ஒட்டுதல் சுவரில் உள்ள ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது என்று காட்டினார்கள். ஒட்டியிருக்கும்வரை விந்தணு அமைதியாக, உயிரோடு இருக்கும். முட்டை வெளியாகும் நேரத்தில் விடுதலை.

அந்த விடுதலைக்கு மணி அடிப்பவற்றில் ஒன்று புரோஜெஸ்டிரோன். முட்டையைச் சுற்றியுள்ள செல்களும், முட்டை வெளியான கொப்புளத்தின் திரவமும் அதைக் கொண்டுவருகின்றன. கருக்குழாய்ச் செல்களில் ஒட்டியிருந்த காளை விந்தணுக்களைப் புரோஜெஸ்டிரோன் பிரித்து விடுவதைச் சமீப ஆண்டுகளின் ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விந்தணு வாலில் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாசல் இருப்பது 2001ல் தெரிந்தது. மனித விந்தணுவில் அந்த வாசலைப் புரோஜெஸ்டிரோன் திறக்கிறது என்று 2011ல் இரண்டு குழுக்கள் காட்டின. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் வால் சாட்டை மாதிரி வீசும்.

வேடிக்கை என்னவென்றால், இதே புரோஜெஸ்டிரோன் தப்பான நேரத்தில் எதிரி. பருவம் இல்லாத நாட்களில் பசுவின் ரத்தத்தில் அது நிறைந்திருக்கும். கருப்பை வாயின் சளி கெட்டியாகி வழியை அடைத்துவிடும். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், சளி கண்ணாடி போலத் தெளிந்து நூலாகத் தொங்கும். மாட்டுக்காரர்கள் பார்ப்பது அந்தக் கண்ணாடிச் சளியைத்தான். அவர்களுக்கு ஹார்மோன் பெயர் தெரியாது, ஆனால் ஹார்மோனைக் கண்ணால் பார்க்கிறார்கள்!

காலையில் கத்தினால் மாலையில்

இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் 1939ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமரன் என்பவரால் நடந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ட்ரிம்பெர்கர் 1940களில் பசுக்களைக் கவனித்து ஒரு விதியைச் சொன்னார். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி போடு. நம் ஊரிலும் இன்றுவரை சொல்லப்படும் விதி இதுதான்.

விதி சரி என்று அவர் அனுபவத்தில் கண்டார், ஏன் சரி என்பதற்கு விளக்கம் பிறகுதான் வந்தது. பருவம் தொடங்கிச் சுமார் 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளியாகிறது. விந்தணுவுக்குப் பயணமும் பக்குவமும் சேர்த்துப் பல மணி நேரம் வேண்டும். ரொம்பச் சீக்கிரம் போட்டால் முட்டை வருவதற்குள் விந்தணு தளர்ந்துவிடும். தாமதித்தால் முட்டை கெட்டுவிடும். 1949ல் இங்கிலாந்தில் கிளிசரின் சேர்த்து விந்தணுவை உறைய வைக்கும் முறை வந்தபின், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் விந்தை வருடக்கணக்கில் வைக்கலாம் என்றானது. ஆனால் உறைந்து உருகும்போது விந்தணுவின் சவ்வு பாதி பக்குவப்பட்டது போல மாறிவிடுகிறது. அதனால் அதன் ஆயுள் குறைவு, நேரம் தவறுவதற்கு இடமும் குறைவு. பருவத்தைக் கண்ணால் பார்க்க முடியாத பெரிய பண்ணைகளுக்காக 1995ல் விஸ்கான்சினில் ஹார்மோன் ஊசிகளாலேயே முட்டை வெளியாகும் நேரத்தைக் குறித்துவைக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள்.

இப்போது முதலில் சொன்ன புலம்பலுக்குத் திரும்பலாம். "மூணு ஊசி போட்டாச்சு." அந்த மூன்று ஊசியும் எந்த நேரத்தில் போடப்பட்டன? மாடு முந்தின நாள் ராத்திரி கத்தியதா, காலையில் கத்தியதா? ஊசி போடுபவர் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? மாட்டை அடித்துக் கட்டினார்களா? இதையெல்லாம் கேட்காமல் மாட்டை "மலடு" என்று முத்திரை குத்திச் சந்தைக்கு ஓட்டுகிறோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பருவம் தெரிந்த நாளையும் மணியையும் எழுதி வைத்தாலே பல மாடுகள் பிழைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

ஒரு குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட தானாக ஜெயிப்பதில்லை. காளையின் உடம்பு இரண்டு மாதம் வளர்த்து, பசுவின் உடம்பு சில மணி நேரம் பக்குவப்படுத்தி, சரியான நொடியில் மணி அடித்தால்தான் ஒரு கன்று.

உங்கள் வீட்டில் மாடு இருந்தால் அந்த நோட்டுப் புத்தக யோசனையை முயற்சி செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.